ஜாக்கி குடித்த எண்ணெய்

எனக்கு ஒரு வியாதி உண்டு. சந்தேகம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கொட்டாவி விட்டால்கூட என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இப்போது கொஞ்சம் தேவலை. அந்தப் புண்ணியம் ஒரு டிப்பர் லாரியையும் அதன் டிரைவர் ஏழுமலையையும் சேரும்.

எண்பதுகளின் தொடக்கம். டிப்ளமோ முடித்த சூட்டோடு போளூரில் ஒரு பட்டறையில் சேர்ந்திருந்தேன். ஜவ்வாது மலையில் ரோடு போடும் காண்ட்ராக்டர் ஒருவர் தம் பழைய லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்பக்கப் பெட்டி தானே தூக்கிக்கொண்டு ஜல்லியைக் கொட்ட வேண்டும். அதே எண்ணெய் அழுத்தத்தில், வளைவுகளில் காவல் கல் நடுவதற்குக் குழி தோண்டும் திருகும் சுழல வேண்டும். ஒரே பம்ப், ஒரே எண்ணெய்த் தொட்டி. அதிலிருந்து ஒரு குழாய் பெட்டியைத் தூக்கும் ஜாக்கிக்கு, இன்னொன்று திருகுக்கு.

குழாய் வேலை முழுக்க என்னுடையது. தொட்டியை வெளியே வைத்தால் எவனாவது எண்ணெயைத் திருடிவிடுவான் என்று பெட்டிக்கு அடியில் வைத்தேன். பெட்டியைத் தூக்கினால்தான் மூடியைத் திறக்க முடியும். (என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.) பெட்டியை மாட்டுவதற்கு முன்பே எண்ணெய் நிரப்பி, ஒரு கம்பியை விட்டு அளந்து, எண்ணெய் நின்ற இடத்தில் அரத்தால் கோடும் போட்டேன்.

சில நாள் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லி லாரியோடு என்னையும் மலைக்கு அனுப்பினார்கள். முதல் நாள் ஜல்லியைக் கொட்டி முடித்ததும், தூக்கிய பெட்டிக்கு முட்டுக் கொடுத்துவிட்டுக் கம்பியை விட்டுப் பார்த்தேன். எண்ணெய் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. ஒழுகிய தடம் எங்கும் இல்லை.

"எண்ணெய் எங்கே ஏழுமலை?"

"எங்க போவும்? ஜாக்கி குடிச்சிருக்கும் சார்" என்றார் அவர், பீடியைப் பற்றவைத்தபடி.

இருபது வருஷம் லாரி ஓட்டியவர், என் அப்பா வயது. ஆனால் எனக்கு அது திமிர்ப் பேச்சாகத்தான் பட்டது. அவர் தலைமுடி வேறு பளபளவென்று இருந்தது. பேசுகிற சாக்கில் நெருங்கி முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்தான். (வாசனை மறைக்கத் தடவியிருக்கலாம் அல்லவா?)

அன்றே மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். மறுநாள் பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் பூட்டு பூட்டியபடியே இருந்தது, எண்ணெய் அதே ஒரு சாண் கீழே! பூட்டைப் பார்த்ததும் ஒரு சொட்டுகூடத் தொடாமல் நிறுத்திவிட்டானே, எவ்வளவு ஒழுங்கான திருடன் என்று வியந்தேன். முதல் நாள் எடுத்ததை விற்ற காசு பையில் இருக்கும் என்று முடிவும் கட்டினேன். ராத்திரி அவர் பையைக்கூடத் துழாவினேன். கிடைத்தது ஒரு சீப்பு.

மூன்றாம் நாள் காண்ட்ராக்டர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து இறங்கினார். ஜல்லியைக் கொட்டி, பெட்டி தூக்கிய நிலையில், பூட்டைத் திறந்து கம்பியை விட்டுக் காட்டினேன்.

"இன்னாப்பா ஏழுமல, இன்னா இது?"

"மொதலாளி, எண்ணெ ஜாக்கிக்குள்ள கீது. பெட்டிய எறக்கிட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"இறக்கினால் மூடியைத் திறக்க முடியாது. அது தெரிந்துதானே சொல்கிறாய்!" என்றேன். வக்கீல் தோற்றார், போங்கள்.

காண்ட்ராக்டர் ஏழுமலையின் பக்கம் திரும்பினார். "வாணாம்பா. நீ வூட்டுக்குப் போய்டு" என்றார். ஏழுமலை கேபினிலிருந்து தூக்குச்சட்டியையும் துண்டையும் எடுத்துக்கொண்டார். நான் உபரி டின்னிலிருந்த எண்ணெயைக் கோடு வரைக்கும் ஊற்றினேன்.

"ஊத்தாதீங்க சார். எறக்கும்போது அத்தினியும் திரும்பி வரும்" என்றார் ஏழுமலை, வேலை போன பிறகும்.

நான் கேட்கவில்லை. பூட்டைப் போட்டேன். முட்டுக்கட்டையை எடுத்துவிட்டு, நானே கேபினில் ஏறி, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபடி லீவரை இழுத்தேன்.

பெட்டி இறங்க இறங்க, ஜாக்கிக்குள் இருந்த எண்ணெய் முழுக்கத் தொட்டிக்குத் திரும்பியது. தொட்டியிலோ நான் ஊற்றியது நிறைந்து நிற்கிறது. மூடியில் காற்றுப் போக நானே போட்ட ஓட்டை வழியாக எண்ணெய் பீறிட்டு, பெட்டியின் அடியில் மோதி, நாலா பக்கமும் தெறித்தது. காண்ட்ராக்டரின் வேட்டி என்ன நிறம் என்று அதன் பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. எனக்கு முகமெல்லாம் எண்ணெய்க் குளியல்.

புளிமூட்டையோடு போய்க்கொண்டிருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி நின்றாள். "இன்னாடி இது, வண்டி வாந்தி எடுக்குது!" என்று பின்னால் வந்தவளிடம் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

காண்ட்ராக்டர் முகத்தை வழித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "காணாமப் போன எண்ணெ வந்துடுச்சிப்பா" என்றார். பிறகு திரும்பி, "ஏழுமல, வண்டிய எடு" என்றார்.

ஏழுமலை தூக்குச்சட்டியைத் திரும்பக் கேபினில் மாட்டினார். பிறகு கையிலிருந்த துண்டை என்னிடம் நீட்டினார். "கண்ணத் தொடைங்க சார், எரியும்." நாலு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தத் துண்டு தாங்க முடியவில்லை. அவர் பையைத் துழாவியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "தெரியும் சார். சீப்பைத் தலைகீழா வெச்சிட்டிருந்தீங்க" என்றார்.

தொட்டியை மறுவாரமே வெளியே மாற்றிவைத்தேன்.

என் கல்யாணத்துக்கு ஏழுமலை வந்தார். நீளமாக ஒரு பரிசு, ஜிகினாத் தாள் சுற்றியது. மேடையிலேயே பிரித்தேன். அரத்தால் கோடு போட்ட அந்தக் கம்பி! முழுக் கதையையும் அவர் என் மனைவியிடம் பந்தியில் சொல்லி முடித்துவிட்டார்.

போன வாரம் மூக்குக்கண்ணாடியைக் காணோம். வேலைக்கு வரும் அம்மாவின் கைப்பையை நான் ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "பெட்டி மேலே இருக்கா, கீழே இருக்கா?"

என் நெற்றியைத் தடவிப் பார்த்தேன். மேலேதான் இருந்தது.