எறக்கு மேஸ்திரியின் ஆறாவது பாஷை

ஆறு பாஷை தெரிந்தும், அதில் ஐந்தில் யாரிடமும் "சௌக்கியமா?" என்று கேட்கத் தெரியாத மனிதர் இந்தியாவிலேயே எங்கள் எறக்கு மேஸ்திரி ஒருவராகத்தான் இருக்க முடியும். உளுந்தூர்பேட்டை லாரி ஷெட்டில் நான் புக்கிங் கிளார்க்காகக் குப்பை கொட்டிய நாலு வருஷமும் அவர் சொன்னால்தான் சரக்கு ஏறும், இறங்கும். அவருடைய சொந்தப் பெயர் ஷெட் முதலாளிக்கே தெரியாது.

தெலுங்கில் அவருக்குத் தெரிந்தது பெட்டு, தீய், திஞ்சு. கன்னடத்தில் இடு, ஹாக்கு, தெகி. இந்தியில் ரக்கோ, உட்டாவோ, நிக்காலோ, உதாரோ. மலையாளத்திலும் அப்படியே. வைப்பது, எடுப்பது, ஏற்றுவது, இறக்குவது. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நெல்லூர் டிரைவர் ஒருவர், நம்ம பாஷைக்காரர் கிடைத்துவிட்டார் என்று பூரித்துப்போய், தன் மாமியார் செய்த கொடுமைகளை அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேஸ்திரி, "பெட்டு, பெட்டு", அதாவது "வை, வை" என்று அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். டிரைவருக்கு ரொம்ப ஆறுதலாகிவிட்டது.

தமிழில் அவரிடம் மாட்டினால் தொலைந்தோம். மழை நாளில் ஒருவரிடம், "குடையை அப்படி வைங்க" என்று சொல்லிவிட்டேன். மேஸ்திரி பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், படிச்சவரு நீங்க. கொடய வெப்பாங்களா? சாத்துவாங்க. மூட்டைய அடுக்குவாங்க. கொடத்தக் கவுப்பாங்க. இந்திக்காரன பாருங்க, லாரிலேர்ந்து மூட்டைய எறக்கினாலும் உதாரோ, கால்லேர்ந்து செருப்பக் கழட்னாலும் உதாரோ. கன்னடத்துல அரிசியப் பானைல போட்டாலும் ஹாக்கு, சட்டையப் போட்டாலும் ஹாக்கு."

"நாமளும் ரெண்டுக்கும் போடறதுன்னுதானே சொல்றோம், மேஸ்திரி?"

"அத அவங்க நம்மகிட்டேர்ந்து எட்துகினாங்க சார்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏன் இந்த வம்பு என்று கேட்டால் வளைந்துபோன சுண்டுவிரலைக் காட்டுவார். எதிராளி பிடித்துவிட்டான் என்று நினைத்து எவனோ கையை விட்டதால் வந்த வினை. "தலைல பாரம் இருக்கும்போது மனுசனுக்கு அம்மா பாஷ மட்டுந்தான் சார் காதுல வுழும்" என்பார். அதனால் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. வாங்குகிறவன் தன் வாயால் "எடுத்துட்டேன்" என்று சொல்லாமல், கொடுக்கிறவன் கையை விடக் கூடாது. ஒரு கிளாஸ் டீயைக்கூட அப்படித்தான் கொடுப்பார். நான் அந்த வார்த்தையைச் சொல்வதற்குள் விரல் வெந்துவிடும்.

ஒரு நாள் வெள்ளிமலைக்காரர் ஒருவர் பிக்கப் வண்டியோடு வந்து நின்றார். மறுநாள் காலை மகளுக்குக் கல்யாணம். ஆளுயரக் கண்ணாடி பதித்த சீர் பீரோ சென்னையிலிருந்து எங்கள் லாரியில் வந்திருந்தது. வானம் வேறு கருத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் மலைப்பாதையில் பீரோவோடு ஏற முடியாது. அன்றைக்குப் பார்த்து எங்கள் ஆள் ஒருவர் வரவில்லை. பதிலுக்கு நின்றவர் ஒடிசாவிலிருந்து வந்து இரண்டே நாள் ஆன சிபா.

"எறக்க முடியாதுங்க" என்றார் மேஸ்திரி. "இவன் பாஷ எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு சிபாவை டீக்கடை பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போனார். டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துப் புருவத்தை உயர்த்தினார். சிபா அதை எடுத்துக் குடித்துவிட்டார். அடுத்த கிளாஸை வைத்தபோதுதான், தன் பாஷையில் இதற்கு வார்த்தை கேட்கிறார் என்று அவருக்கு விளங்கியது. "ரொக்கொ" என்றார். என் காதிலிருந்த பென்சிலை மேஸ்திரி உருவினார். "காடொ." கல்யாணப் பெண்ணின் அப்பாவுடைய கையைக் கெட்டியாகப் பிடித்தார். "தொரொ." விட்டார். "சாடொ."

"யோவ், நாளைக்கு எம் பொண்ணுக்குக் கல்யாணம்யா! நீ இன்னா கிளாஸ் வெச்சி வெளாடிகினு கீற?"

"பொண்ணு கண்ணாடில மூஞ்சி பாக்கணுமா, வேணாங்களா?"

மேஸ்திரி நாலு வார்த்தையையும் இன்னொரு முறை ஒப்பித்துவிட்டுத்தான் லாரிப் பக்கம் வந்தார்.

பீரோ பாதி இறங்கியபோது பலகை வழுக்கியது. ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருவர் புடி என்றார், ஒருவர் தூக்கு என்றார், ஒருவர் வுடு என்றே சொன்னார். நான் "ஐயோ" என்றேன். கீழ்முனையில் இருந்த சிபா திருதிருவென்று விழித்தார். அவர் கை தளர்வது எனக்கே தெரிந்தது.

"தொரொ!" என்றார் மேஸ்திரி.

சிபா பிடித்தார். பீரோவை மார்போடு சேர்த்து அப்படியே நின்றார். கண்ணாடியில் சாய்ந்திருந்த எங்கள் முகங்களெல்லாம் மெல்ல நிமிர்ந்தன. பிக்கப்பில் பீரோ உட்கார்ந்து, சிபா தன் பாஷையில் வைத்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் மேஸ்திரி மூச்சே விட்டார். பெண்ணின் அப்பா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "சாடொங்க, மழ வருது" என்றார் மேஸ்திரி. தூறல் விழுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அடுத்த வருஷம் எனக்குக் கள்ளக்குறிச்சியில் வேலை கிடைத்தது. வழியனுப்ப வந்த மேஸ்திரி என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி பஸ் படியில் நின்ற என்னிடம் நீட்டினார். ஒரு பக்கக் கைப்பிடியை நான் பிடித்தேன். மறுபக்கத்தை அவர் விடவில்லை.

"எட்துட்டீங்களா சார்?"

கண்டக்டர் விசில் ஊதினார். பெட்டி என் கையில்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை.