தோழர் வேலனுக்கு நான் செலுத்திய அஞ்சலி

உயிரோடு இருப்பவருக்கு, அவரையே எழுந்து நிற்க வைத்து, மௌன அஞ்சலி நடத்தியவர்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அப்போது ஈப்போவில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை. சுங்கை சிப்புட் ஊர்க் கலாவை எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். அவளுக்கு அப்பா இல்லை. மார்க்கெட்டில் கீரை விற்கும் பெரியப்பா மாணிக்கம்தான் சம்மதம் சொல்ல வேண்டும். மூன்று மாதமாகியும் அவர் வாய் திறக்கவில்லை.

அந்தச் சமயம், வெள்ளைக்காரனை விரட்டத் தோட்டம் தோட்டமாக ஆள் சேர்த்த பழைய போராளிகளுக்கு, ஒரு ரப்பர் தோட்டத்து மண்டபத்தில் பாராட்டு விழா ஏற்பாடானது. பெரியப்பா முன்வரிசையில் இருப்பார் என்று தெரிந்ததும், நடத்துகிற பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். (நாட்டு விடுதலை எனக்கு இரண்டாம்பட்சம்தான்.)

ஐந்து படங்கள் கொடுத்தார்கள். நால்வர் பெயருக்குப் பக்கத்தில் 'மறைவு' என்று இருந்தது. ஐந்தாமவர் தோழர் வேலன், அடர்ந்த மீசைக்கார இளைஞர். அவருக்கு மட்டும் எதுவுமில்லை. எழுதியவர் மறந்துவிட்டார் என்று நானே முடிவுகட்டி, அவருக்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றினேன். சின்ன வயதில் போய்விட்டாரே என்று மாலை கொஞ்சம் பெரிதாகவே.

மைக்கில் அவரைக் காட்டில் குண்டடிபட வைத்தேன். "அவர் சிந்திய இரத்தத்தில்தான் இந்த ரப்பர் மரங்கள் வளர்ந்தன" என்றேன். பிறகு ஒரு நிமிட மௌனம். எல்லோரும் எழுந்தார்கள். பெரியப்பா மற்றவர்களைவிட ஆழமாகத் தலை குனிந்திருந்தார். பின்வரிசைகளில் தோள்கள் குலுங்கின. அழுகிறார்கள் என்று நினைத்தேன்.

கலா மேடைக்கு வந்து காதில் சொன்னாள்: "வேலன் பெரியப்பாதாங்க. தலைமறைவா இருந்தப்ப வச்ச பேரு. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா."

மைக்கைப் பிடித்து, "சற்று முன் கிடைத்த தகவலின்படி, தோழர் வேலன் நலமாக இருக்கிறார்" என்று அறிவித்தேன். அவர் படத்து மாலையைக் கழற்றப் போய் மற்ற நான்கு படங்களையும் தள்ளிவிட்டேன். விளக்கை வாயால் ஊதி அணைத்தேன். (அந்த நிமிடம் கல்யாணமும் அணைந்துவிட்டது என்றே நினைத்தேன்.)

பெரியப்பா மெதுவாக மேடையேறினார்.

"ஒக்காருங்க. வெள்ளக்காரன் ரெண்டு தடவ நான் செத்துட்டேன்னு நோட்டீசு ஒட்டினான். நின்னு படிச்சிட்டு, பக்கத்துத் தோட்டத்துல கூட்டம் போடப் போயிட்டேன். இது மூணாவது. மால இப்பதான் கெடச்சிருக்கு." என் பக்கம் திரும்பினார். "தம்பி, எந்தக் காட்டுல செத்தேன்?"

"அது இன்னும் முடிவாகலைங்க" என்றேன்.

அவர் கலாவிடம் திரும்பி, "இவன இயக்கத்துல சேத்திருக்க மாட்டேன். ஒரு பொய்ய ஒரு நிமிசம் காப்பாத்தத் தெரியல. வீட்டுக்கு இப்படி ஆளுதான் நல்லது. கட்டிக்க" என்றார்.

பத்து வருடம் கழித்து அவர் நிஜமாகவே காலமானார். மாலையோடு கிட்டே போனேன். கலா அழுதுகொண்டே என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மூச்சு இருக்கான்னு மொதல்ல பாருங்க."

பார்த்தேன். இன்றைக்கும் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும், நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் எங்கள் குடும்பத்தார் அழ ஆரம்பிக்கிறார்கள்.