சுச்சு அண்ணனும் ஆறு மிளகாய்ச் செடிகளும்

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கெல்லாம் ஊர் ஊராகப் பெருமை சேர்க்கிறார்கள். அதை அணைப்பதற்கென்றே பிறந்த ஒரு மனிதர் மரக்காணத்தில் இருக்கிறார். அவரைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை. அவர் கடைக்கு ஒரு போர்டுகூட இல்லை. போர்டு வைத்தால் அதற்கு ஒரு பல்பு போடச் சொல்வார்களாம்.

ஊரில் அவருக்குச் சுச்சு அண்ணன் என்று பெயர். ஸ்விட்சைத்தான் எங்கள் பக்கத்தில் சுச்சு என்போம். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கலாம், நான் விசாரித்ததில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். ட்யூப்லைட், பல்பு, சீரியல் செட் என்று கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும், எதுவும் எரியாது. பல்பு வாங்க வருகிறவர்கள் செல்போன் டார்ச்சை அடித்துத்தான் பல்பைப் பார்க்க வேண்டும். போதாக்குறைக்குக் கடையின் படி முழங்கால் உயரம். அந்த இருட்டில் இடறாமல் ஏறி இறங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேட்டால், "பகல்ல எதுக்குங்க லைட்டு? சூரியன் லீவு போட்டிருக்குதா?" என்பார்.

உப்பளத்து மோட்டார்களை ரிப்பேர் பண்ணுவது அவர் தொழில். அணைப்பது குணம். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே கை சுவரைத் தடவ ஆரம்பித்துவிடும். கீழ்புத்துப்பட்டில் ஒரு காலை முகூர்த்தம். மணவறைக்கு எதிரில் வீடியோக்காரர் பெரிய ஃபோகஸ் லைட்டைப் போட்டிருந்தார். இவர் பந்தியில் இடம் பிடிக்கப் போகிறவர்போல எழுந்து, போகிற போக்கில் அந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அந்த ஒரு லைட்டு தின்கிற கரன்டில் உப்பளத்தில் ஒரு மோட்டாரே ஓடுமாம். இன்றைக்கும் அந்த வீடியோவில் கெட்டிமேளம் கேட்கும், தாலி தெரியாது.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் அவர் செய்ததை எழுதினால் தலைமையாசிரியர் வருத்தப்படுவார். அதனால் விட்டுவிடுகிறேன்.

இப்படிப்பட்டவரிடம் நானே விளக்குக் கேட்டுப் போய் நின்றேன். அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர்.

அவருக்குப் பெருமுக்கல்லில் அரை ஏக்கர் நிலம். மிளகாயும் கத்திரியும் போடுவார். என்னிடம் பேசுவதைவிடக் கத்திரிச் செடியிடம் அதிகம் பேசுவார் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். அங்கிருந்து வரும் வழியில் ஒருநாள் ஸ்கூட்டர் சறுக்கி இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் நடந்து எலும்பும் சேர்ந்துவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி நடந்தால்தான் உண்டு, இப்படியே படுத்திருந்தால் இடுப்பு இறுகிப் படுக்கையே நிரந்தரமாகிவிடும் என்று சொல்லிவிட்டார்.

மனுஷன் நடக்கவில்லை. ஜன்னல் இல்லாத நடு ரூமில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வாக்கரில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. பிசியோ பையன் வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். நாளெல்லாம் அவர் பேசியது "ம்", "வேணாம்" என்ற இரண்டு வார்த்தைதான். நான் கணக்கு டீச்சர். ஒரே வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்கிறவள். இந்த ஒருவரை எழுந்து நிற்க வைக்க என்னால் முடியவில்லை. பள்ளிக்கூட பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து வகுப்பெடுத்தேன்.

அவரால் மிளகாயிடம் போக முடியாவிட்டால் மிளகாயை அவரிடம் கொண்டுவருவோம் என்று ஒருநாள் தோன்றியது. எங்கள் வீட்டு மண்ணும் போர்த் தண்ணீரும் உப்பு, காற்றும் உப்பு. கொல்லையில் மூன்று தடவை வைத்த கறிவேப்பிலையும் கருகித்தான் போயிருந்தது. அதனால் பெருமுக்கல் மண்ணை ஆறு தொட்டியில் நிரப்பி, விதை போட்டு, கேன் தண்ணீர் ஊற்றி, அவர் கட்டிலிலிருந்து நாலு அடி தள்ளி எதிர்ச் சுவரோரம் வைத்தேன். வெயிலுக்குப் பதிலாக ஆன்லைனில் ஒரு செடி விளக்கு வாங்கினேன். ஆயிரம் வாட் என்று பெட்டியில் போட்டிருந்தது. மாட்டினால் ரூம் முழுக்க ஊதா நிறம். எதிர்வீட்டுப் பெண்மணி வந்து எட்டிப் பார்த்து, வீட்டில் ஏதாவது பூஜையா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு மூன்றாவதாக ஒரு வார்த்தை பேசினார். "அணைச்சிடு."

விளக்கைத் தூக்கிக்கொண்டு சுச்சு அண்ணன் கடைக்குப் போனேன். படியில் இடறித்தான் ஏறினேன். அவர் அதை வாட் மீட்டரில் மாட்டிப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் மீட்டரைப் பார்த்தார். ஆயிரம் என்று போட்டிருந்தது அறுபதைக்கூட இழுக்கவில்லை. கரன்ட் கம்மியாகத்தானே இழுக்கிறது, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பெட்டியை வாசலில் வீசினார்.

"கம்மியா எரியட்டும் டீச்சர், தப்பில்ல. வாட்டுல பொய் சொல்லலாமா?"

அப்புறம் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. எத்தனை வாட் என்று கேட்டு விளக்கு வாங்கக் கூடாதாம். ஒரு வாட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் கொடுக்கிறது என்று கேட்க வேண்டுமாம். எரிகிற விளக்குக்குக் கீழே கையை நீட்டிப் பார்க்க வேண்டும். கை சுட்டால் கரன்ட் பாதி சூடாகப் போகிறது என்று அர்த்தம். ஊதா நிறமெல்லாம் தேவையே இல்லை, வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்துக்குள்ளேயே செடிக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் இருக்கிறது. இத்தனையும் சொல்லிவிட்டு, விளக்கு மட்டும் கொடுக்க மாட்டேன் என்றார். செடியைப் பார்க்காமல் லைட்டு கொடுப்பது கண்ணைப் பார்க்காமல் கண்ணாடி கொடுக்கிற மாதிரியாம்.

விதை இன்னும் முளைக்கக்கூட இல்லை, மறுநாளே செடி பார்க்க வந்துவிட்டார். நுழைந்ததும் டி.வி.யின் சிவப்புப் புள்ளியை அணைத்தார். மிக்சி பிளக்கைப் பிடுங்கினார். நடு ரூமுக்குள் போய் என் வீட்டுக்காரர் தலைக்கு மேல் ஓடிய ஃபேனையும் அணைத்துவிட்டு, வியர்த்துக் கிடந்தவரிடம் சௌக்கியம் விசாரித்தார். பிறகு டேப்பை எடுத்துத் தொட்டிகளை அளந்தார். தன் கடையிலேயே விலை குறைந்த இரண்டு வெள்ளை எல்.இ.டி. ட்யூபைத் தேர்ந்தெடுத்தார். செடி வளர வளர உயர்த்துவதற்குச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டார். பதினாலு மணி நேரம் எரிந்து தானாக அணைய டைமர் வைத்தார். செடிக்கும் தூக்கம் வேண்டும் என்று தெரிந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அணைத்தால்தான் நல்லது என்று ஒரு உயிர் தன் கட்சிக்கு வந்துவிட்ட சந்தோஷம்.

விதை முளைத்தது. நாற்று குட்டையாக, தண்டு பருத்து, கரும்பச்சையாக வந்தது. தினமும் சாயங்காலம் கடையைப் பூட்டியதும் வந்து பார்ப்பார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் செடியைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். ஆனால் பேச்சு இல்லை. வாக்கரில் துண்டு அப்படியே காய்ந்தது.

சுச்சு அண்ணனுக்கு இப்போது வேறு கவலை. தொட்டிக்கு வெளியே தரையில் விழுகிற வெளிச்சம் வீணாகிறதாம். எரிகிற வெளிச்சத்தில் ஒரு சொட்டு வீணாவதும் அவருக்கு ஆகாது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மேலேயிருந்து அடிக்கிற வெயிலைவிட உப்பில் பட்டுக் கீழேயிருந்து எழும்புகிற வெயில்தான் முகத்தைக் கருக்கும். அது ஞாபகம் வந்திருக்கிறது. நான் பள்ளிக்குப் போன நேரத்தில் ஒரு மூட்டை உப்பைக் கொண்டுவந்து, பெரிய ட்ரேக்களில் கொட்டிப் பரப்பி, அதன் மேல் ஆறு தொட்டியையும் தூக்கி வைத்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் ரூமே ஜொலிக்கிறது. இலையின் அடிப்பக்கம்கூடத் தெரிகிறது.

"ஒரு வாட்டு ஏறல டீச்சர். வெளிச்சம் மட்டும் ஏறிடுச்சு."

படித்தவள் நானும் கை தட்டினேன். தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறது, ஊற்றுகிற தண்ணீர் உப்பில் இறங்கும், அந்த ஈரம் மறுபடி மண்ணில் ஏறும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. உப்பைக் கொட்டியபோது என் வீட்டுக்காரர் தூங்கியிருக்கிறார், அவர் படுத்திருந்த இடத்திலிருந்து ட்ரேயும் வெள்ளையும்தான் தெரியும். ஏதோ வெள்ளைத் தாள் என்று நினைத்திருக்கிறார்.

நாலைந்து நாளில் இலை நுனி கருகியது. சுச்சு அண்ணன் வெளிச்சம் அதிகம் என்று விளக்கை உயர்த்தினார். இலை கொட்டியது. வெளிச்சம் போதவில்லை என்று இறக்கினார். சனிக்கிழமை காலையில் ஆறு செடியும் தலை தொங்கி நின்றன. அவர் சங்கிலியைப் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நான் ட்ரேயை இழுத்தபோது கொஞ்சம் உப்பு தரையில் சிந்தியது.

"உப்பை எடு" என்று ஒரு குரல் கேட்டது. யாருடைய குரல் என்று ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. அந்தக் குரலைக் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

"டேய், உப்பை எடுடா. செடியைக் கொல்றியாடா?"

என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். காலைக் கீழே போட்டார். கட்டில் கம்பியைப் பிடித்தார், விட்டார், வாக்கரைப் பிடித்தார். துண்டு கீழே விழுந்தது. நாலு அடி. வந்து ஒரு கையால் தொட்டியைத் தூக்கி ட்ரேக்கு வெளியே வைத்தார். உப்புக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவனுக்கு உப்பு செடிக்கு ஆகாது என்று தெரியாதா என்று திட்டினார். இன்னும் நிறையத் திட்டினார், பத்திரிகையில் எழுத முடியாத அளவுக்கு. எனக்கு அது காதில் தேனாக இருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

"எனக்கு லைட்டு தெரியும்ணா. செடி தெரியாதுண்ணா" என்று சுச்சு அண்ணன் தலையைக் குனிந்தார். ஃபேனைக்கூட அணைக்காமல் போய்விட்டார்.

மறுநாள் சைக்கிளில் இரண்டு கேன் நல்ல தண்ணீருடன் வந்தார். என் வீட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து அதட்ட, இவர் ஊற்றி ஊற்றி மண்ணிலிருந்து உப்பைக் கழுவினார். ஒரு வாரம் இது நடந்தது. நாலு செடி போய்விட்டது. இரண்டு பிழைத்தது.

அதற்கப்புறம்தான் ஒரு வேடிக்கை. சுவரோரம் இருக்கிற பிளக்கில் லோடு ஜாஸ்தி என்று சொல்லி, சுச்சு அண்ணன் செடியையும் விளக்கையும் ரூம் வாசலுக்கு மாற்றினார். தண்ணீர் ஊற்ற என் வீட்டுக்காரர் வாசல் வரை நடந்தார். பத்து நாள் கழித்து அந்த பிளக்கிலும் லோடு. செடி கூடத்துக்குப் போனது. பிறகு கூடத்தின் அந்தக் கோடிக்குப் போனது. ட்யூப் இரண்டும் சேர்ந்தாலும் நாற்பது வாட் வராது. அதே பிளக்கில் நான் இஸ்திரிப் பெட்டி போடுகிறேன். கணக்கு டீச்சரிடம் போய் லோடு என்கிறார்.

"நாப்பது வாட்டுக்கா லோடு, அண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபேனை அணைத்தார். "ஆமா டீச்சர். லோடுதான்." வாட்டில் பொய் சொன்ன பெட்டியை வாசலில் வீசியவர் சொன்னார்.

போன மாதம் பள்ளி விட்டு வந்தால் என் வீட்டுக்காரரை வீட்டில் காணோம். அந்த இரண்டு செடியில் காய்த்த முதல் மிளகாயைக் காலையில் பறித்து வைத்திருந்த பாத்திரமும் இல்லை. பயந்துபோய் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பட்டப்பகலில் சுச்சு அண்ணன் கடையில் ஒரு ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. படிக்கு நேர் மேலே. உள்ளே என் வீட்டுக்காரர் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, மிளகாய்க்கு எப்போது எரு வைப்பது என்று விடாமல் பேசிக்கொண்டிருந்தார். சுச்சு அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, லைட்டு எரியுது" என்றேன்.

"தெரியுது டீச்சர். அண்ணன் படி இறங்கணும் இல்ல."

நாங்கள் இறங்கி ரோட்டுக்கு வந்தோம். திருப்பத்தில் திரும்பிப் பார்த்தேன். கடை பழையபடி இருட்டாக இருந்தது. இப்போதெல்லாம் யாரும் இல்லாத ரூமில் ஃபேன் ஓடினால் நானே போய் அணைக்கிறேன். அணைக்கும்போதெல்லாம், அந்த மனுஷன் நல்லா இருக்கணும் என்று ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன்.