மூலை பெஞ்சிலிருந்து புகார் இல்லை

உலகத்தில் வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடங்கள் உண்டு. கூரை இல்லாத பள்ளிக்கூடங்களும் உண்டு. ஆனால் புகாரே இல்லாத பள்ளிக்கூடம் ஒன்றே ஒன்றுதான். அது எங்களுடையது. இந்தச் சாதனையை மனித குலத்துக்கு வழங்கிய 'கட்டட நலக் குழு'வின் செயலாளர் என்ற முறையில், அது நிகழ்ந்த விதத்தை வருங்காலத்துக்காகப் பதிவு செய்வது என் கடமை. அடக்கம் தடுத்தாலும் செய்துவிடுகிறேன்.

ஆறாம் வகுப்பின் இடது மூலையில் ஒரு சுவர். அதற்கு அந்தப் பக்கம் கழிப்பறை. நடுவில் ஒரு குழாய், பொருத்திய நாளிலிருந்து கசிகிறது. சுவர் முதலில் வியர்த்தது, பிறகு உப்பியது, பிறகு கறுத்தது. இப்போது ஓர் ஆள் உயரத்துக்குப் பூஞ்சை. கை வைத்தால் அடுப்புக்கரி போல ஒட்டும். அதை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகள் இருமினார்கள். கணக்குப் பாடத்தின் நடுவில் இருமினால் அது ஒழுங்குப் பிரச்சினை அல்லவா? குழு கூடியது.

ஓர் இன்ஜினியரை வரவழைத்தோம். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இடிச்சுக் குழாய மாத்தணும். வேற வழியே இல்ல. பத்து நாள் வேலை."

தாளாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இடிக்கிறதா? அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியுமாய்யா?"

"கக்கூஸ் சார்."

"கல்வெட்டுய்யா! நான் திறந்து வெச்ச கல்வெட்டு! எங்கப்பா பேரு இருக்கு அதுல!"

"அதக் கழட்டி ஓரமா வெச்சிட்டு..."

"எங்கப்பாவக் கழட்டி ஓரமா வைக்கிறதா?"

அப்பாவைக் கழிப்பறைச் சுவரில் பதித்தவர் அவரேதான் என்பதை அந்த நேரத்தில் நினைவூட்டுவது பண்பாகாது. இன்ஜினியருக்கு டீ கொடுத்து அனுப்பினோம்.

அடுத்து அறிவியல் முறையில் இறங்கினோம். சுவருக்கு வெளிர்நீலம் அடித்தோம். பதினேழு நாளில் பூஞ்சை நீலத்தைத் தின்று தீர்த்தது. மேலே 'சுத்தம் சோறு போடும்' என்று ஓர் அட்டையை மாட்டினோம். மூன்றாம் வாரம் 'சுத்தம்' கறுத்துப் போய், 'சோறு போடும்' மட்டும் நின்றது.

அப்போதுதான் ஒரு வக்கீல், தம் மகனுக்காக டாக்டர் கடிதத்தோடு வந்தார். 'இப்பிள்ளை அந்தச் சுவரருகே உட்காரக் கூடாது.' குழு நடுங்கியது. நான் நடுங்கவில்லை. இருபது வருஷம் ஆபீசில் கோப்பு எழுதியவன் நான். மூன்று முறை படித்தேன். டாக்டர் சுவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. பிள்ளையைத்தான் மாற்றச் சொல்கிறார்! உடனே உதித்தது விதி நான்கு: 'மருத்துவர் கடிதத்துடன் பெற்றோர் எழுத்துமூலம் விண்ணப்பித்தால், பிள்ளைக்கு வேறு இடம் அளிக்கப்படும். காலியாகும் இடம் வேறொரு பிள்ளையால் நிரப்பப்படும்.'

"எழுத்துன்னா இது எழுத்து!" என்றார் தாளாளர்.

வக்கீல் மகன் போனான், பேங்க் மேனேஜர் மகள் வந்தாள். கடிதம் வந்தது, அவள் போனாள். மருந்துக்கடைக்காரர் மகன் ஒரு மாதம் தாக்குப் பிடித்தான். அதன்பின் முறைப்படி என் மகளின் முறை. செயலாளர் மகள் என்று சலுகை காட்டினால் ஊர் சிரிக்காதா? நெஞ்சை நிமிர்த்தி உட்கார வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, ஸ்கூல் பஸ்ஸில் ஏறப்போனவள் இரண்டாவது படியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"பாப்பாவுக்கு மூச்சு வாங்குது. இன்னைக்கே லெட்டர் எழுதுறீங்களா, இல்ல கடப்பாரையோட நான் வரட்டுமா?"

எழுதினேன். தகப்பனாக எழுதி, செயலாளராகப் பெற்று, குழுவாக ஒப்புதல் அளித்தேன். ஒரே காலை, ஒரே பேனா. நிர்வாகத்தில் வேகம் என்பது இதுதான்.

அந்த இடத்துக்குத் துப்புரவு வேலை செய்யும் அம்மாவின் மகள் வந்தாள். சனிக்கிழமைதோறும் அந்தப் பூஞ்சையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பவர் அந்த அம்மாதான். புதன்கிழமைக்குள் அது திரும்பிவிடும். ஒரு மாதம் கழித்து என்னைத் தேடி வந்தார்.

"சார், பொண்ணு விடாம இருமுறா. மூச்சு விட்டா விசில் சத்தம் வருது. இடத்த மாத்திக் குடுங்க சார்."

"எழுத்துமூலமா குடும்மா."

"எழுதத் தெரியாதே சார்."

"டாக்டர் லெட்டர்?"

"ஆஸ்பத்திரில மாத்திரதான் குடுத்தாங்க. நீங்களே நாலு வரி எழுதிக் குடுங்க சார். ஒங்களுக்கும் பொண்ணு இருக்குல்ல?"

செயலாளரே எழுதி, செயலாளரே வாங்கிக்கொண்டால் நடுநிலை என்ன ஆவது? பொறுமையாக விளக்கினேன். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சென்ற வாரம் கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். அன்று விடியற்காலையிலேயே சுவர் பளிச்சென்று இருந்தது. அந்த அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து தேய்த்துவிட்டு, மறுபடி ஆஸ்பத்திரிக்கே ஓடினார். மகளுக்கு மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்களாம்.

"இந்த மூலை பெஞ்சுலேர்ந்து புகார் ஏதாவது?" என்று கேட்டார் அதிகாரி.

புகார்ப் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். என் மகள் அந்த பெஞ்சை விட்டு எழுந்த நாளிலிருந்து எல்லாப் பக்கமும் வெள்ளை. 'புகார் இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். சான்றிதழைக் கண்ணாடி போட்டு அந்தச் சுவரிலேயே மாட்டியிருக்கிறோம். கறை திரும்ப வந்தால் மறைக்கத் தோதான அளவு. காலியான இடத்தில் தோட்டக்காரர் மகன் உட்கார்ந்திருக்கிறான். விசாரித்துவிட்டேன். தோட்டக்காரருக்கும் எழுதத் தெரியாது.

நேற்று என் மகள் கேட்டாள்: "அப்பா, எனக்கு எழுதின லெட்டர்ல பேர மட்டும் மாத்தி அவளுக்கும் குடுத்திருக்கலாம்ல?"

சின்னப் பெண், நடைமுறை தெரியாது. இதை எழுத உட்கார்ந்தேன். என் மகளின் மூச்சுக்கு நான் எழுதியது நாலு வரி. என் பெருமைக்கு இதோ இத்தனை பக்கம். அந்தப் பெண்ணுக்கு மாற்ற வேண்டியிருந்தது ஒரு பெயர். அவள் பெயர் என்னவென்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.