டேங்குக்குள் சிலந்தி

நெல்லில் புகையான் விழுந்துவிட்டது என்று தெரிந்ததும் அவர் ஒரேயடியாக முடிவெடுத்துவிட்டார். மருந்துதான். அதுவும் இன்றைக்கே.

வீட்டுக்காரி கூடாது என்றாள். வேளாண்மைத் துறை விவசாயிகளுக்கு நடத்தும் வயல்வெளிப் பள்ளிக்கு ஆறு வாரம் போய் வந்தவள். தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் அந்தப் பூச்சியைப் பிடித்துத் தின்னத்தான் சிலந்தி இருக்கிறது, மருந்தடித்தால் முதலில் சாவது சிலந்திதான், அப்புறம் புகையானைக் கேட்க நாதியில்லை என்று சோறு போடும்போதெல்லாம் பாடம் நடத்தினாள்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மறுநாள் காலை பம்புசெட்டை ஒட்டிய மடையோரத்தில் முதல் இருபது நெற்குத்தை இருவருமாகப் பார்ப்பது. சிலந்தி இருந்தால் அவள் பேச்சு. இல்லாவிட்டால் மருந்து.

விடிந்ததும் விடியாததுமாக அவர் வயலில் இறங்கிவிட்டார். முழங்கால் சேற்றில் குனிந்து, அந்த இருபது குத்திலும் இருந்த சிலந்திகளைப் பொறுக்கினார். ஒன்றையும் நசுக்கவில்லை. மனைவி மேல் இருந்த பயம் சிலந்தி வரைக்கும் படர்ந்திருந்தது. போட்டு மூடிவைக்க வேறெதுவும் அகப்படவில்லை. மருந்தடிக்க வாங்கி, இன்னும் மருந்தே காணாத புது டேங்குக்குள் விட்டு மூடியைத் திருகினார்.

எட்டு மணிக்கு அவள் வந்தாள். குத்துக் குத்தாக விலக்கிப் பார்த்தாள். பேருக்குக்கூட ஒரு சிலந்தி இல்லை. அவர் முகத்தில் கல்யாணத்தன்று இல்லாத களை.

"சரிங்க, நான் தோத்துட்டேன். டேங்கைக் கொண்டாங்க, நானே தண்ணி ஊத்தறேன்."

"இப்பவா? காத்து ஒரு மாதிரி அடிக்குதே."

"இலைகூட அசையல."

"மழை வரும்போல இருக்கு."

"வெயில் சுள்ளுனு அடிக்குது. மூடியைத் திறங்க."

அவர் டேங்கைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வயல்காரரும் வரப்பில் வந்து நின்றார். வேறு வழியில்லாமல், டேங்கை அணைத்தபடியே இவர் மருந்தால் வரும் கேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்லத் தனக்கே பயம் வந்து, இந்த வயலில் இனி மருந்தே கிடையாது என்று முடித்தார். அவள் மறுபேச்சில்லாமல் சம்மதித்து வீட்டுக்குப் போனாள். உச்சிவெயில் வரை அவர் சிலந்திகளை நாற்று நடுவதுபோல ஒவ்வொன்றாகக் குத்தில் விட்டார்.

மூன்று வாரத்தில் புகையான் அடங்கியது. பக்கத்து வயல்காரர் அவர் பேசியதைப் போகிற இடமெல்லாம் சொன்னதில், வயல்வெளிப் பள்ளியிலேயே அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். சலவைச் சட்டையோடு கிளம்பியவர், இருபது குத்தில் எத்தனை சிலந்தி இருந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று வாசலில் நின்று யோசித்தார்.

"நாற்பத்தேழுனு சொல்லுங்க," என்றாள் அவள். "நீங்க பொறுக்கப் பொறுக்க, பம்புசெட்டுக்குப் பின்னாடி உக்காந்து நான்தான் எண்ணிட்டிருந்தேன்."