உப்பு வரியும் மாமியார் பேச்சும்

வெர்சாய், செப்டம்பர் 1789

பெருமதிப்பிற்குரிய மாமியார் மதாம் பெஷார் அவர்களுக்கு, மாப்பிள்ளை அம்புருவாஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தங்கள் முழங்கால் வலி, என் மனைவி சில்வீ, குழந்தைகள், பன்றிகள் எல்லாரும் எப்படி என்று அறிய ஆவல்.

இதைத் தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும். செய்தித்தாள் ஊருக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

உப்பு வரியை ஒழித்துவிட்டு வா என்று கோயில் மணியடித்து என்னைத் தேசிய சபைக்கு அனுப்பினார்கள் அல்லவா? மே மாதம் முதல் பேச வாய்ப்புக் கேட்கிறேன், இங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவதால் தலைவருக்கு மணி ஆட்டி ஆட்டியே கை வீங்கிப்போயிற்று, நேற்றுதான் என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்து பார்த்தால் என் மூக்குக்கண்ணாடியின் மேல் பக்கத்து இருக்கைப் பாதிரியார் ஃபிர்மேன் உட்கார்ந்திருக்கிறார். அவரை எழுப்பினேன், எழுந்து நின்றால் ஆதரவு என்பது இங்கே வழக்கம், ஏதோ வாக்கெடுப்பு என்று வரிசை முழுவதும் எழுந்துவிட்டது, எதிர்வரிசை 'அநியாயம்' என்று கத்தியது, கண்ணாடி சுக்குநூறு. மேடையேறி உரையை விரித்தேன். எழுத்தெல்லாம் எறும்புக் கூட்டம். ரோமாபுரியில் ஆரம்பித்து எழுதியிருந்ததில் ஒரு வரிகூட நினைவில்லை. வேடிக்கை பார்க்க வந்த மீன்காரி ஒருத்தி மேல்மாடத்திலிருந்து குரல் கொடுத்தாள்: "என்ன மாமா, உப்புப் போட்டுத்தானே திங்கிறே? வாயைத் தொறந்து பேசேன்."

சுருக்கென்றது. வாய் திறந்தது. ஆனால் வந்தது என் பேச்சு இல்லை, அரசு கட்டாயமாக விற்கும் உப்பைச் சமையலுக்கு மட்டுமே போடலாம், கறியை உப்புக்கண்டம் போடக் கூடாது என்ற உப்புச் சோதனைக்காரனிடம் தாங்கள் போட்ட சண்டை: "வேண்டாம்னாலும் தலையில கட்டுற உப்பு. அதைச் சூப்புல போட்டா சரி, பன்னிக்கறியில போட்டா குத்தமா? வயித்துக்குள்ள போனா ரெண்டும் ஒண்ணாத்தான் கிடக்கும். அங்கயும் வந்து சோதனை போடுவியா?"

சபை முழுவதும் சிரித்தது. பிரபுக்கள்கூடச் சிரித்தார்கள் பாருங்கள். முன்வரிசையில் ஒரு விவசாயி மட்டும் சிரிக்கவில்லை, அழுதார். கள்ள உப்பு இருக்கிறதா என்று சோதனைக்காரர்கள் அவர் மனைவியின் பாவாடையைக்கூட அவிழ்த்துத் தேடினார்களாம். அவரைப் பார்த்ததும் மற்றவர்களும் அடங்கிவிட்டார்கள்.

"இது யாருடைய கருத்து?" என்றார் தலைவர்.

"என் மாமியாருடையதுங்க."

"அந்தம்மாவையே அனுப்பியிருக்கலாமேய்யா" என்றாள் மீன்காரி.

அத்தை, தங்களைக் கேட்காமல் தங்கள் பேச்சை நாட்டுக்கே கொடுத்துவிட்டேன். பேரோடு அச்சில் வரப்போகிறது. ராஜினாமா செய்துவிட்டு வியாழக்கிழமை வண்டியேறுகிறேன். இந்த அரசியல் எனக்கு ஒத்துவராது. திட்டுவதானால் சமையலறையில் வைத்துத் திட்டுங்கள், குழந்தைகள் முன்னால் வேண்டாம்.

சில்வீக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தங்கள், தங்கள் கைகளுக்கு வணக்கம்.

தங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
அம்புருவாஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது பாதிரியார் ஓடிவந்தார். உப்பு வரிக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்களாம். வியாழக்கிழமை வரவில்லை, குளிர்காலத்துக்குக் கம்பளிக் காலுறை அனுப்பவும். அடுத்து ஒயின் வரி விவாதத்துக்கு வருகிறது. அதைப் பற்றித் தாங்கள் என்ன சொல்லித் திட்டுவீர்கள் என்று உடனே விவரமாக எழுதுங்கள். கெட்ட வார்த்தைகளை நான் எடுத்துவிடுகிறேன்.