சட்டப்படி பந்து பார்ப்பவர்

சட்டப்படி பந்து பார்ப்பவர் என்று ஓர் இனம் இருக்கிறது. சும்மா கால்பந்து பார்ப்பவர்கள் மலேசியா முழுக்க இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடுவோம். நான் சொல்வது, மாதம் தவறாமல் சந்தா கட்டி, அதற்குரிய செயலியில், அதற்குரிய கடவுச்சொல்லோடு நுழைந்து, பந்து உருளத் தொடங்குவதற்கு முன்பே பரிசுத்த நிலையை அடைந்துவிடுகிறவரை. கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, ஒருவர் தேறுவார். எங்கள் தாமானில் அவர் பெயர் ரஃபேல், தொழிற்சாலையில் சூப்பர்வைசர்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? உங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் உங்களைப் பார்க்க மாட்டார். தொலைக்காட்சிக்குக் கீழே பார்ப்பார். அங்கே திருட்டுச் சேனல்களை இழுத்துக் கொடுக்கும் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று விளக்கெரிய உட்கார்ந்திருந்தால், நீங்கள் கொடுத்த மைலோவில் ஒரே ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிடுவார்.

"பாக்ஸா?"

"ஆமாண்ணே, ஒரு தடவ வாங்குனா போதும்லா. எல்லா சேனலும் வருது."

"வரும். போலீசும் வரும்."

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எல்லாரும் காப்பி குடிக்கும் நேரத்திலும் விடமாட்டார். பக்கத்து வீட்டு டெனிஸை நிறுத்தி, "ஏழாவது கட்டளை என்னா, சொல்லு பாப்போம்" என்பார். பெட்டி வைத்திருக்கும் டெனிஸ் அண்ணன், "களவு" என்று முனகியபடி, காசு கொடுத்து வாங்கிய கறிபாப் பலகாரத்தைக்கூட முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார்.

சரி, இத்தனை நேர்மையாளர் ஆட்டத்தை நிம்மதியாகப் பார்க்கிறாரா? எங்கே! லீக் ஒரு செயலியில், கிண்ணப் போட்டி இன்னொன்றில், தகுதிச் சுற்று மூன்றாவதில். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல், அது மறந்தால் ஒரு குறியீட்டு எண், அந்த எண் போய்ச் சேருவதோ அவர் எப்போதோ தூக்கி எறிந்த பழைய நம்பருக்கு. இந்த இடத்தில்தான் என்னைக் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. தாமானில் அதற்கு ஒரே பொருள், கடவுச்சொல் மறந்தால் கூப்பிட வேண்டிய ஆள். நான்கு வருடம் படித்தது இதற்குத்தானா என்று அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பலமுறை யோசித்திருக்கிறேன். யோசித்தபடியே ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்துவிடுவேன்.

சட்டப்படி கிடைத்ததைப் பார்க்காமல் விடுவது ரஃபேல் அண்ணனுக்கு இன்னொரு பாவம். ஆஸ்திரேலியா ஆடினாலும் பார்ப்பார். பெயரே வாயில் நுழையாத இரண்டு ஜப்பானிய அணிகள் மோதினால், வெறுங்காலோடு எழுந்து நின்று நடுவரைத் திட்டுவார். லைவ் என்றால் லைவ்.

அவருக்கு மெலிசா என்று ஒரு மகள் இருக்கிறாள். இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்று. பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்களுக்கான போட்டியில் அவள் அணி இறுதிவரை வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆட்டம் எதற்கும் அப்பா போகவில்லை. லைவ் இருந்ததாம்.

"அப்பா, நாளைக்கு ஃபைனல். சிடாம் கிரி திடல்ல. இதுக்காச்சும் வாங்கப்பா."

"வர்றேன்லா."

"போன வீட்ல வச்சிட்டு வாங்க."

"அப்புறம் உன்ன எப்படிலா போட்டோ எடுக்கிறது?"

வந்தார். ஒரிஜினல் ஜெர்சி போட்டுக்கொண்டு, டெனிஸையும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். திடலில் சந்தா இல்லை, கடவுச்சொல் இல்லை, படம் நடுவில் நின்று சுற்றவும் இல்லை. உலகத்தில் இதைவிடச் சட்டப்படியான நேரடி ஆட்டம் உண்டா? அரை மணி நேரம் நன்றாகத்தான் பார்த்தார். ஆறு மணிக்கு அவர் கால்சட்டைப் பை அதிர்ந்தது. ஜப்பான் ஆட்டம்.

"தம்பி, இத கொஞ்சம் பாரேன். மறுபடி லாகின் கேக்குது."

மேற்கு வெயில் திரையில் அடித்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் குடை பிடித்தார்; அதன் கீழே இரண்டு தலைகள். கடவுச்சொல்லில் பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்று நாங்கள் ஆராய்ந்து முடித்துப் படம் வந்த நேரத்தில், திடலே கத்தியது.

"கோல்!"

இந்த இனத்துக்கென்று ஒரு பழக்கம் உண்டு. செயலியில் ஆட்டம் அரை நிமிடம் பிந்தித்தான் வரும். பக்கத்து வீடு கத்தினால் கோல் இனிமேல்தான் விழும், கண்ணை எடுக்கக் கூடாது என்று பல வருடமாகப் பழகியவர்கள். ரஃபேல் அண்ணன் போனை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கோல் போட்டவள் மெலிசா. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நேராக எங்களை நோக்கி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"அப்பா, பாத்தீங்களா?"

"இரும்மா," என்றார் அவர், திரையைப் பார்த்தபடி. "இப்ப வரும்."

விரித்த கைகள் மெதுவாகக் கீழே இறங்கின.

"அது வராதுப்பா," என்றாள். திரும்பி நடுக்கோட்டுக்கு ஓடிவிட்டாள்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். டெனிஸ் அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஏழாவது கட்டளையைத் திருப்பிக் கேட்க அதைவிட நல்ல சமயம் அவருக்குக் கிடைத்திருக்காது, ஆனால் கேட்கவில்லை. ரஃபேல் அண்ணன் என் காதருகே குனிந்தார்.

"நீ பாத்தியா தம்பி? எந்தக் காலு?"

"இடது காலுண்ணே," என்றேன். "மேல் மூலைல, அம்சமா." நான் பார்த்தது ஜப்பானை.

போனைப் பைக்குள் போட்டவர், மீதி ஆட்டம் முடியும்வரை அதை வெளியே எடுக்கவில்லை. மெலிசாவும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இது எங்கோ கெடாவில் நடந்தது, நான் பந்தே பார்ப்பதில்லை, சந்தாவும் கட்டுவதில்லை என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காரலாம். நல்லது. ஆனால், இதைப் படிக்கத் தொடங்கியபோது பக்கத்தில் யாரோ வந்து எதையோ காட்டினார்களே, நீங்களும் நிமிராமலே, "இரு, இத முடிச்சிட்டு வர்றேன்" என்றீர்களே, அது யார்?